கொண்டான் கொடுத்தான் வழி

மதுரையிலிருந்து மேற்கே தேனிக்குப் போகும் சாலையில், செக்கானூரணியைத் தாண்டிவிட்டால் விழா மண்டப வாசல்களில் நிற்கும் பேனர்களைப் படித்துக்கொண்டே போகலாம். காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, புதுமனை புகுவிழா என எதுவானாலும் பேனரின் ஒழுங்கு ஏறக்குறைய ஒன்றுதான். நடுவில் விழாவுக்குரிய பிள்ளை. அதற்கு அடுத்த பெரிய இடம் தாய்மாமன்களுக்கு. பிறகு அத்தைமார், மாமன் மச்சான்மார். பங்காளிகளின் பெயர்கள் வரிசையாக. யார் படம் எவ்வளவு பெரிது, யார் பெயருக்கு மேல் யார் பெயர் என்பதில் சிறு பிசகு நேர்ந்தாலும் மனத்தாங்கல் வந்துவிடும். அதனாலேயே அந்த பேனரை மிகுந்த கவனத்தோடு எழுதுகிறார்கள். ஒரு குடும்பம் தான் யார் என்பதை ஊருக்குச் சொல்லும்போது, முதலில் தாயின் பிறந்த வீட்டைக் காட்டுகிறது.

அதே வீட்டுப் பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு இணையத்தில் தங்கள் வம்சாவளியை எழுதத் தொடங்கும்போது படம் மாறிவிடுகிறது. அப்பா, அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா என்று ஒரே கோடு மேலே ஏறுகிறது. பாட்டிக்கு ‘மனைவி’ என்ற பெட்டி கிடைக்கும். அவள் எந்த ஊரில் பிறந்தாள், யார் மகள், உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்ற இடங்கள் காலியாகக் கிடக்கும். நான்கு தலைமுறைக்கு மேல் பெயர் தெரியாதபோது, அந்த இடத்தில் சாதியின் தோற்றக் கதை ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். தேனி, கம்பம் பள்ளத்தாக்கு வழியாகப் போகும்போது கண்ணில் படும் சான்றுகள் எல்லாம் இந்த முறைக்கு எதிராகவே பேசுகின்றன. இந்தப் பகுதியின் குடும்ப வரலாறு, பெண் கொடுத்தும் எடுத்தும் உறவாகும் கொண்டான் கொடுத்தான் வழியில் பதிவாகியிருக்கிறது. அந்த வழியைவிட்டு எழுதப்படும் வம்சாவளி குறைபட்டது. பல இடங்களில் பொய்யும்கூட.

உசிலம்பட்டியிலேயே இதற்கு முதல் சான்று கிடைக்கிறது. பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1949, 1950 ஆண்டுகளில் இந்த வட்டாரத்தில் பிறமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆராய்ந்தார். அவர் 1957இல் வெளியிட்ட நூல் உலக மானிடவியலில் இன்றும் பேசப்படுகிறது. தென்னிந்தியாவில் சம்பந்த உறவு ஒரு கல்யாணத்தோடு முடிந்துவிடுவதில்லை, தகப்பனின் மச்சான் உறவு மகனுக்கு மாமன் உறவாகி, அந்த மாமன் மகளையே கட்டும் உரிமையாகித் தலைமுறை தாண்டிப் போகிறது என்பது அவர் வலியுறுத்திய கருத்து. முறைப்பெண், முறைமாப்பிள்ளை, தாய்மாமன் சீர் என்று இங்குள்ளவர்கள் அன்றாடம் பேசுவதைத்தான் அவர் கோட்பாடாக்கினார். இணையச் செயலிகளின் குடும்ப மரம் வேறு வகைக் குடும்பத்தை மனத்தில் வைத்து வரையப்பட்டது. அதில் கிளைகள் பிரிந்துகொண்டே போகும், மீண்டும் சேராது. அத்தை மகளைக் கட்டியவருக்கு அத்தையே மாமியார். அக்காள் மகளைக் கட்டியவருக்கு அக்காளே மாமியார். ஒரே ஆள் இரண்டு மூன்று இடங்களில் வரவேண்டிய குடும்பம் இது. மரத்தில் இது பிழையாகத் தெரியும். பின்னலாக வரைந்தால்தான் இந்தக் குடும்பத்தின் உண்மையான உருவம் தெரியும்.

பங்காளி வழியில் எழுத்துச் சான்று இல்லாமல் இல்லை. மாசிச் சிவராத்திரிக்குக் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் குடும்பங்கள் ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி உசிலம்பட்டிப் பக்கத்துக் குலதெய்வக் கோயில்களுக்கு வருகின்றன. பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குப் பெட்டி எடுத்துப் போகும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த உறவின் கனம் தெரியும். குலதெய்வக் கோயில்களில் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டுகள், எந்த வகையறாவில் எத்தனை வீடு என்பதை ஆண்டுதோறும் சொல்கின்றன. நல்ல ஆவணம்தான். ஆனால் தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். மகள் கட்டிக்கொடுக்கப்பட்டதும் அவளுக்கு அந்த நோட்டில் இடமில்லை. மருமகள் கணவன் பெயருக்குள் அடங்கிவிடுகிறாள். ஒரு குடும்பத்தில் பிறந்தவர்களில் பாதிப் பேர் அதில் இல்லை. 1986இல் பெண்சிசுக் கொலை பற்றிய செய்திகளால் உசிலம்பட்டியின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. பெயர் வைக்கப்படாமலேயே போன அந்தப் பிள்ளைகளுக்கு எந்த நோட்டிலும் வரியில்லை. ஆண்வழி வம்சாவளி எழுதுபவர்கள் இந்த வெற்றிடத்தையும் தங்கள் வரலாற்றின் பகுதியாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

நோட்டும் வேண்டாம், பத்திரமும் வேண்டாம், எச்சிலை அனுப்பினால் மரபணுச் சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பது இப்போது அடிக்கடி கேட்கும் வாதம். அதற்கும் இந்தச் சாலையே பதில் வைத்திருக்கிறது. உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள ஜோதிமாணிக்கம் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஒருவரிடம் எம்130 என்ற மரபணுக் குறி இருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் அமெரிக்க அறிஞர் ஸ்பென்சர் வெல்ஸும் உலகறியச் செய்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டுக் கடற்கரையோரமாக ஆஸ்திரேலியா வரை சென்ற ஆதி மனிதர்களின் தடம் அது. பெரிய கண்டுபிடிப்பு, அதில் இந்த மண் பெருமைப்படுவது நியாயமே. ஆனால் அந்தக் குறி ஒய் குரோமோசோமில் இருப்பது. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். பத்துத் தலைமுறை பின்னோக்கிப் போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. உறவுக்குள் கல்யாணம் நடந்திருந்தால் ஆட்கள் குறையலாம், இடங்கள் குறைவதில்லை. ஒய் குரோமோசோம் அவற்றில் ஒரே ஒரு இடத்தைப் பற்றிப் பேசுகிறது. தாய்வழி மட்டுமே போகும் மைட்டோகாண்டிரியா இன்னொன்றைப் பற்றிப் பேசுகிறது. மீதி 1,022 இடங்களை இந்த இரண்டும் தொடுவதில்லை. பல்லாயிரம் ஆண்டுப் பயணத்தைச் சொல்லும் அந்தக் குறியால், பாட்டி சீலையம்பட்டியிலிருந்து வந்தாளா கோம்பையிலிருந்து வந்தாளா என்று சொல்ல முடியாது.

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் மண்ணின் நிறமும் வயலும் மாறுகின்றன. குடும்ப வரலாறும் அங்கே திரும்புகிறது. 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்தப் பாசனத்தை நம்பியிருக்கிறது. தண்ணீர் வந்த திசையில் ஆட்களும் வந்தார்கள். வானம் பார்த்த உசிலம்பட்டிக் காடுகளிலிருந்து வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு வெகுகாலம் முன்பே தெலுங்கும் கன்னடமும் பேசிக்கொண்டு மாட்டுமந்தையோடு வந்து நிலைத்தவர்கள் உண்டு. ஏலக்காய்த் தோட்டங்களுக்காகக் கம்பமெட்டும் போடிமெட்டும் ஏறி இறங்கியவர்கள் உண்டு. பள்ளத்தாக்கில் வாழும் குடும்பங்களில் பெரும்பாலானவை என்றோ ஒருநாள் வந்து சேர்ந்தவை. அதனால் ‘பூர்வீக ஊர்’ என்று செயலி கேட்கும் ஒற்றைக் கட்டத்தை நிரப்ப இங்குள்ளவர்கள் தடுமாறுகிறார்கள். சிலருக்கு அந்த ஊரே இல்லை. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் நீர்ப்பரப்புக்குள் சில கிராமங்கள் போயின. வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ அந்த இழப்பைச் சொன்ன நாவல். 2003ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. மூழ்கிய ஊர்க்காரர்கள் எங்கெங்கே போய்க் குடியமர்ந்தார்கள் என்பதை அவர்கள் பெண் கொடுத்த, பெண் எடுத்த ஊர்களைக்கொண்டே கண்டுபிடிக்க முடியும்.

இதற்கெல்லாம் சான்று ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் இருக்கிறது: மொய் நோட்டு. செய்முறை நோட்டு என்றும் சொல்வார்கள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, வீடு குடிபோதல் எதுவானாலும் வந்தவர் ஊர், பெயர், தகப்பன் பெயர், அடையாளத்துக்குப் பட்டப்பெயர் அல்லது தொழில், செய்த தொகை எல்லாம் அதில் ஏறும். தாய்மாமன் செய்முறைக்கு அதில் தனி மதிப்பு. பிறகு அந்த ஊருக்குப் பத்திரிகை வைக்கவும், திருப்பிச் செய்யவும் அந்த நோட்டையே எடுத்துப் பார்ப்பார்கள். திருப்பிச் செய்ய வேண்டிய கடமை இருப்பதால் அதில் யாரும் கற்பனையாக எழுதுவதில்லை. பெருமைக்காக முன்னோரைக் கூட்டுவதுமில்லை. ஊர் பிழையாக இருந்தால் செய்முறை தவறிவிடும் என்பதால் ஊர்ப்பெயர் திருத்தமாக இருக்கும். வரலாற்று ஆய்வாளர் ஓர் ஆவணத்தில் எதிர்பார்க்கும் தகுதி இதுதான்: எழுதியவருக்கு உண்மையை எழுதியே தீரவேண்டிய தேவை இருந்திருக்க வேண்டும். தலைக்கட்டு வரி நோட்டில் காணாமல்போன மகள் இங்கே மருமகன் பெயரோடு, புகுந்த ஊரோடு திரும்பக் கிடைக்கிறாள். 1970இல் ஒரு வீட்டுக் கல்யாண நோட்டையும் 1995இல் அதே வீட்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த உறவு தொடர்ந்தது, எது அறுந்தது, யார் திருப்பூருக்கும் மூணாறுக்கும் போய்விட்டார்கள் என்பது தெரிந்துவிடும். இன்று உசிலம்பட்டி, தேனிப் பக்கத்து மண்டபங்களில் கணினியில் மொய் எழுதி ரசீது கொடுக்கிறார்கள். வம்சாவளியைக் கணினியில் ஏற்றும் வேலையில் பாதி, யாரும் அந்தப் பெயரில் நினைக்காமலேயே நடந்துகொண்டிருக்கிறது.

மொய் என்பது கடன் கணக்கு, அதைப் போய் இணையத்தில் வைப்பதா என்று கேட்பார்கள். நியாயமான தயக்கம். யார் குறைத்துச் செய்தார்கள், யார் இன்னும் திருப்பவில்லை என்பதெல்லாம் அந்தந்த வீட்டு விஷயம். தொகை எழுதிய பக்கத்தை மறைத்துவிட்டுப் பெயர், ஊர், உறவுமுறை மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்; வம்சாவளிக்குத் தேவையானது அவ்வளவே. நிலப் பத்திரங்களே போதுமே என்பது இன்னொரு தரப்பு. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்ப்பதும், அ-பதிவேடு எடுப்பதும் இப்போது எளிது. பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களில் மூன்று தலைமுறை விவரம்கூட வரும். ஆனால் நிலம் இருந்தவர்களுக்கே பத்திரம். பள்ளத்தாக்கின் நெல்லையும் திராட்சையையும் விளைவித்த கூலிக் குடும்பங்களின், குறிப்பாகத் தலித் குடும்பங்களின் பெயர்கள் அவற்றில் அரிது. பெண்களுக்கோ பத்திரத்தில் ஒரு கொடுமையான இடம் உண்டு. 1989இல் தமிழ்நாடு சட்டத்திருத்தம் அதுவரை மணமாகாத இந்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தந்தது. அதன்பிறகு மகள்களின் பெயர்கள் பத்திரங்களில் வந்தன; பல வீடுகளில் அவை வந்தது தங்கள் பங்கை அண்ணன் தம்பிகளுக்கு எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில்.

தேனியிலிருந்து தெற்கே போகும் சாலையில் சின்னமனூர் வரும்போது மிகக் கடுமையான ஆட்சேபத்தைச் சந்திக்க வேண்டும். வம்சாவளி என்பதே சாதிப் பெருமைக்கான கருவி, அதை இணையத்தில் பரப்புவது தீயில் எண்ணெய் ஊற்றுவது என்பார்கள். இந்த ஊரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் அந்த ஆட்சேபத்துக்கு வலுச் சேர்க்கின்றன. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றாம் இராசசிம்மன் காலத்தில் எழுதப்பட்ட பெரிய செப்பேடு, சந்திர குலத்திலிருந்து தொடங்கி, அகத்தியரையும் மதுரைச் சங்கத்தையும் மகாபாரதம் தமிழானதையும் சொல்லி, வரலாற்று அரசர்களிடம் வந்து சேர்கிறது. ஆளும் உரிமைக்குச் சான்றாக எழுதப்பட்ட வம்சாவளி அது. பாளையக்காரர்களின் வம்சாவளிகளும் அப்படியே. கம்பெனி ஆட்சியில் உரிமையைக் காட்ட வேண்டிய நெருக்கடியில் எழுதப்பட்டவை அவற்றுள் பல. ஆள்வதற்கு நிலமில்லாத இன்றைய குடும்பங்களும் அதே அச்சில் தங்களை வார்த்துக்கொள்வதுதான் சிக்கல். தெற்கே வந்த தெலுங்கு, கன்னடம் பேசும் சமூகங்கள் சிலவற்றிடம், துரத்தி வந்தவர்களிடமிருந்து தப்ப ஆற்றங்கரை மரம் வளைந்து பாலமான கதை உண்டு. வேறுவேறு சமூகங்கள் அதே கதையைச் சொல்கின்றன என்பதால், அது எந்த ஒரு குடும்பத்தின் தனி வரலாறாகவும் இருக்க முடியாது. அழகான கதை, பிள்ளைகளுக்குச் சொல்லலாம், வம்சாவளியின் முதல் பெட்டியில் வைக்கக் கூடாது. கவனிக்க வேண்டியது இன்னொன்று. அந்தப் பெரிய செப்பேடே இராசசிம்மனின் தாய் வானவன்மாதேவியைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர் சேரர் குலப் பெண் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். மணவழி உறவின் பலத்தை அரசர்களும் மறைக்கவில்லை.

ஆகவே சாதி பற்றிய ஆட்சேபத்தை நான் பாதி ஏற்கிறேன். ஆண்வழி வம்சாவளி தோற்றப் பெருமையில் போய் முடிகிறது, அதனால் அது ஆபத்தானது. மணவழியும் பெரும்பாலும் சாதிக்குள்தான் சுற்றி வருகிறது என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது. ஆனால் மொய் நோட்டில் இன்னும் கொஞ்சம் அதிகம் இருக்கிறது. பக்கத்து வயல்காரர், ஏலக்காய் வாங்கும் ராவுத்தர் வீட்டுப் பெரியவர், பலசரக்குக் கடைக்காரர், கூடப் படித்தவர் என்று சாதி கடந்த பெயர்களும் அதில் ஏறியிருக்கும். ஒரு குடும்பம் உண்மையில் யாரோடெல்லாம் வாழ்ந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. உத்தமபாளையம், கம்பம் ஜமாஅத்துகளின் நிக்காஹ் பதிவேடுகளும், கத்தோலிக்க ஊரான ராயப்பன்பட்டி போன்ற பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் இதே வகையைச் சேர்ந்தவை. நிக்காஹ் பதிவில் பெண்ணின் பெயரும் அவள் தகப்பன் பெயரும் உண்டு. ஞானஸ்நானப் பதிவில் தாயின் பெயரோடு ஞானப்பெற்றோர் பெயரும் உண்டு. இவற்றைச் சேர்த்து வைத்துப் படித்தால் பள்ளத்தாக்கின் பின்னல் தெளிவாகும்.

வேறொரு பதிவேட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிறமலைக் கள்ளர்களின் பெயர், தகப்பன் பெயர், ஊர், கைரேகை எல்லாம் எழுதப்பட்டன. ஊர்விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு, இரவில் காவல் நிலையத்தில் படுக்கை என்று மனிதர்களை அடைத்த சட்டம் அது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் பெண். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் சட்டம் நீங்கியது. அந்தப் பதிவுகளை இன்று வம்சாவளிக்குப் பயன்படுத்துவது புண்ணைக் கிளறுவது, அவற்றை மறந்துவிடுவதே மானம் என்று சொல்பவர்களின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் குற்றம் செய்தது பதிவேட்டை எழுதிய அரசு. கைரேகை வைக்க வேண்டியிருந்த தாத்தாவுக்கு அதில் எந்த வெட்கமும் இல்லை. அந்தப் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்து, அவர் யார் மகளைக் கட்டினார், யாருக்குத் தாய்மாமனாக மோதிரம் போட்டார் என்ற உறவுகளுக்கு நடுவில் வைத்தால், அவர் ஆவணத்தில் எண்ணாக இருந்த நிலை மாறும். சட்டம் அவரைப் பிறப்பால் குற்றவாளி என்றது. அவருடைய செய்முறை நோட்டு ஊர் அவரை எப்படி மதித்தது என்பதைச் சொல்கிறது.

எதைப் பகிர்வது, எதைப் பகிரக் கூடாது என்பதில் நான் கறாராக இருக்கச் சொல்வேன். உயிரோடு இருப்பவர்களின் பெயர், ஊர், பிறந்த தேதி எதையும் திறந்த இணையத்தில் ஏற்றக் கூடாது. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊரில் நிம்மதியாக வாழும் பெண்ணின் புகுந்த ஊரை ஒரு வம்சாவளிப் பக்கம் காட்டிக்கொடுத்துவிடக் கூடும். தமிழ்நாட்டில் அதற்கு என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். இறந்தவர்களைப் பற்றி எழுதலாம், இருப்பவர்களைக் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். அதே சமயம், ஆபத்து இருக்கிறது என்பதற்காக எதையுமே எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. ஹரித்வார் பண்டாக்களின் யாத்திரிகர் பதிவேடுகளை அமெரிக்காவின் யூட்டா வம்சாவளிச் சங்கம் 1977 முதல் நுண்படம் எடுத்தது. வடநாட்டுக் குடும்பங்கள் பல இன்று அவற்றில் தங்கள் முன்னோரைத் தேடுகின்றன. நம் மொய் நோட்டுகளுக்கு அப்படி யாரும் வரவில்லை. கரையானுக்கும் பழைய பேப்பர் கடைக்கும் அவை போய்க்கொண்டிருக்கின்றன.

சாலையின் முடிவில் லோயர் கேம்ப். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்குக்கு 2013இல் திறக்கப்பட்ட மணிமண்டபம் இங்கே இருக்கிறது. அவர் 1841 ஜனவரி 15இல் புனேயில் பிறந்தார், 1911 மார்ச் 9இல் இங்கிலாந்தில் கேம்பர்லியில் இறந்தார் என்பதைப் பள்ளத்தாக்கின் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அவர் பிறந்த நாளில் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்த வீடுகளும் உண்டு. அந்த நன்றி உயர்ந்தது. அணையில் கல் சுமந்து, சுண்ணாம்பு அரைத்து, காய்ச்சலில் செத்துப்போன கூலிகளின் பேரப்பிள்ளைகள் இதே மண்டபத்துக்கு வருகிறார்கள். தங்கள் பாட்டனின் பெயர் அவர்களில் பலருக்குத் தெரியாது. பென்னிகுயிக் குடும்பத்துக்கு ராணுவப் பட்டியலும் தேவாலயப் பதிவேடும் இருந்தன. கூலிக் குடும்பத்துக்கு இருப்பது ஒரு பாட்டியின் ஞாபகமும், யாரோ ஒரு சம்பந்தி வீட்டு நோட்டில் உள்ள ஒற்றை வரியும்.

அடுத்த விசேஷத்துக்கு ஊருக்குப் போகும்போது பரணிலிருக்கும் பழைய நோட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். அட்டையையும் சேர்த்துப் படம் எடுங்கள். எந்த வருடம், யார் வீட்டு விசேஷம் என்பது அட்டையில்தான் இருக்கும். வீட்டிலுள்ள மூத்த பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு வரியாக வாசித்து, இவர் யார், என்ன முறை, எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று கேட்டு எழுதுங்கள். வம்சாவளிச் செயலியைத் திறந்ததும் அந்தப் பெண்ணின் பெயரையும் அவள் தாயின் பெயரையும் பிறந்த ஊர்களோடு முதலில் ஏற்றுங்கள். பங்காளி வரிசையைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.